9. கர்ப்பப்பை எடுத்தாச்சு, ரிப்போர்ட் எங்கே?

ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நேரத்தில் தியேட்டர் கதவு பாதி திறக்கும். நர்ஸ் எட்டிப் பார்த்து, "கமலாம்மா கூட வந்தவங்க யாருங்க?" என்று கூப்பிடுவார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவரும் மைத்துனரும் எழுந்து ஓடுவார்கள். நர்ஸின் கையில் ஸ்டீல் ட்ரே. அதில் ரத்தம் படிந்த ஒரு சதைப்பிண்டம். "இதாங்க எடுத்த கர்ப்பப்பை. கட்டி எவ்ளோ பெருசு பாருங்க." இருவரும் பார்த்தும் பாராததுமாகத் தலையாட்டுவார்கள், நோட்டில் ஒரு கையெழுத்துப் போடுவார்கள், கதவு மூடிக்கொள்ளும். நம் ஊரில் பல குடும்பங்களுக்கு அந்தக் கர்ப்பப்பையின் கதை அதோடு முடிந்துவிடுகிறது.

ட்ரேயில் காட்டுவது எடுத்ததற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். அதற்குள் என்ன நோய் இருந்தது என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரே வெறுங்கண்ணால் பார்த்து முடிவாகச் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர் பேத்தாலஜிஸ்ட். நோயாளி அவரைப் பார்த்திருக்கவே மாட்டார். அவரும் நோயாளியைப் பார்த்திருக்க மாட்டார். இருவருக்கும் நடுவே இருப்பது ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு தாளும்தான். இந்த அத்தியாயம் அந்த டப்பாவையும் தாளையும் பற்றியது.

முதலில் ஒரு பயத்தைக் கழித்துவிடலாம். "பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கோம்" என்று கேட்டதுமே பாதி வீடுகளில் அழுகை ஆரம்பித்துவிடும். எடுத்த கர்ப்பப்பையை லேபுக்கு அனுப்புவது சந்தேகத்தின் பேரில் செய்கிற காரியமில்லை. எல்லோருக்கும் செய்ய வேண்டியது. அடியிறங்கிவிட்டது என்று எடுத்த அறுபது வயதுக்காரருக்கும், பெரும்பாட்டுக்காக எடுத்த நாற்பது வயதுக்காரருக்கும், கட்டிக்காக எடுத்தவருக்கும் ஒரே விதிதான். அனுப்பினார்கள் என்றால் நிம்மதியாக இருங்கள். "அதெல்லாம் தேவையில்லைங்க, சாதாரணக் கட்டிதான்" என்று யாராவது சொன்னால்தான் கவலைப்பட வேண்டும்.

சாதாரணக் கட்டி என்று நினைத்தது எப்போதும் சாதாரணமாக இருப்பதில்லை. லேப்ராஸ்கோபியில் கர்ப்பப்பையை எடுக்கும்போது, சின்னத் துளை வழியே வெளியே கொண்டுவர அதை மோர்செல்லேட்டர் என்ற கருவியால் துண்டு துண்டாக்குவது உண்டு. 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. நார்க்கட்டிக்காக ஆபரேஷனுக்கு வருகிற பெண்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு, யாருமே எதிர்பார்க்காத சார்கோமா வகைப் புற்றுநோய் அந்தக் கட்டிக்குள் இருக்கலாம், வயிற்றுக்குள் வைத்துத் துண்டாக்கினால் அது பரவும் என்பது எஃப்.டி.ஏ.யின் கணக்கு. அந்த எண் அதிகமா குறைவா என்று டாக்டர்களுக்குள் இன்றும் வாதம் உண்டு. ஸ்கேனில் நார்க்கட்டியையும் சார்கோமாவையும் நிச்சயமாகப் பிரித்தறிய முடியாது என்பதில் வாதம் இல்லை. லேப்ராஸ்கோபி என்று முடிவானால், "துண்டாக்கி எடுப்பீங்களா டாக்டர்? பைக்குள்ள வெச்சு எடுப்பீங்களா?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். துண்டாகி வந்த கர்ப்பப்பையைப் பரிசோதிப்பது பேத்தாலஜிஸ்ட்களான எங்களுக்கும் சிரமம். எது எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று பாதி விஷயம் தெரியாமல் போய்விடும்.

லேபுக்கு அனுப்ப இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் பொதுவாக யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எடுக்க வேண்டிய கர்ப்பப்பைதானா என்பதற்கு லேப் ரிப்போர்ட் ஒரு சாட்சி. 2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 சதவீதம் பேர் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் தேவையில்லாமல் எடுத்தார்கள் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இதைத் தடுப்பதற்கான மத்திய அரசின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. லேபுக்கு அனுப்பாத கர்ப்பப்பையைப் பற்றி அப்புறம் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

டப்பா உங்கள் கைக்கு வந்தால்

பெரிய ஆஸ்பத்திரிகளில் லேப் அதே கட்டடத்தில் இருக்கும். டப்பா உங்கள் கண்ணிலேயே படாது. சிறிய நர்சிங் ஹோம்களில் அப்படியில்லை. "அண்ணே, இத பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேபுல குடுத்துட்டு ரசீது வாங்கிட்டு வந்துருங்க" என்று டப்பாவைக் கொடுத்துவிடுவார்கள். அந்த நிமிடத்தில் பரிசோதனையின் தரம் உங்கள் கையில் இருக்கிறது. மருத்துவம் படிக்காதவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்கள்தான் எல்லாம்.

டப்பாவுக்குள் ஃபார்மலின் இருக்க வேண்டும். நிறம் தண்ணீர் மாதிரிதான். மூடியைத் திறந்தால் கண்ணும் மூக்கும் எரியும். உடம்பிலிருந்து பிரிந்த நிமிடத்திலிருந்து சதை கெடத் தொடங்குகிறது. அந்தக் கெடுதலை நிறுத்தி, செல்களை இருந்தபடியே உறைய வைப்பது ஃபார்மலின். 1893-ல் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற ஜெர்மானியர், ஃபார்மால்டிஹைடு பட்ட தன் விரல் தோல் கெட்டிப்பட்டிருப்பதைக் கவனித்தார். இன்றுவரை உலகத்து லேப்கள் அந்தத் திரவத்தை விட்டு நகரவில்லை. லேப்களில் பயன்படுவது 10 சதவீதக் கரைசல். சதையின் அளவைப்போல் பத்து மடங்காவது திரவம் வேண்டும். கர்ப்பப்பை டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டு, மேலே இரண்டு விரல் உயரத்துக்கு மட்டும் திரவம் நின்றால் அது போதாது. டப்பா வாய் அகலமாக இருக்க வேண்டும். குறுகிய வாயில் திணித்த கர்ப்பப்பை ஃபார்மலினில் கெட்டியான பிறகு வெளியே வராது, டப்பாவைத்தான் அறுக்க வேண்டும்.

ஃபார்மலின் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்பது லேபுகளில் சொல்லும் கணக்கு. கர்ப்பப்பைச் சுவரின் தடிமனோ இரண்டு சென்டிமீட்டருக்குப் பக்கம். முழுசாகப் போட்டால் உள்ளறைப் படலத்தைத் திரவம் தொடுவதற்குள் ஒரு பகல் ஓடிவிடும். மிகச் சீக்கிரம் கெடுவதும், நாங்கள் மிக முக்கியமாகப் பார்க்க வேண்டியதும் அந்தப் படலம்தான். அதனால் தியேட்டரிலேயோ லேபுக்கு வந்த கையோடோ கர்ப்பப்பையைப் புத்தகம் திறப்பதுபோல் இரண்டாக வகுந்து வைக்க வேண்டும். இதை நீங்கள் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. உங்களால் முடிந்தது ஒன்றுதான்: டப்பாவை அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது. "நாளைக்குப் போற வழியில குடுத்துக்கலாம்" என்று ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடாதீர்கள்.

ஒருமுறை பொங்கல் விடுமுறை முடிந்து லேபைத் திறந்தபோது ஒரு கர்ப்பப்பை காத்திருந்தது. நர்சிங் ஹோமில் ஃபார்மலின் தீர்ந்துபோயிருந்ததால் சலைனில் போட்டு அனுப்பியிருந்தார்கள். உள்படலம் முழுக்கக் கரைந்து சேறாகியிருந்தது. ஸ்லைடில் ஆவியான செல்களின் நிழல்தான் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டிருந்தது. அதற்கான காரணத்தைத்தான் நாங்கள் தேட வேண்டியிருந்தது. "பரிசோதிக்க இயலாத நிலை" என்று எழுதி அனுப்பினோம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவருடைய டாக்டரால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

சலைன், தண்ணீர், ஸ்பிரிட் எதுவும் ஃபார்மலினுக்கு மாற்று ஆகாது. ஃப்ரீசரில் வைப்பது அதைவிட மோசம். பனிக்கட்டி செல்களைக் கிழித்துவிடும். ஃபார்மலினில் இருக்கிற டப்பாவுக்குக் குளிர்ச்சியே தேவையில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கர்ப்பப்பையில் காசநோய் சந்தேகம் என்றால், கிருமியை வளர்த்துப் பார்க்க ஒரு சிறு துண்டைத் தனியாகச் சலைனில் அனுப்புவார்கள், ஏனென்றால் ஃபார்மலின் கிருமியையும் கொன்றுவிடும். அப்படி இரண்டு டப்பா கொடுத்தால் இரண்டும் வேறு வேறு இடத்துக்குப் போகும். எது எங்கே என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லேபிளைப் பாருங்கள். பெயர், வயது, ஆஸ்பத்திரி எண், என்ன உறுப்பு, எந்தத் தேதி, எத்தனை மணி என்று எழுதியிருக்க வேண்டும். லேபிள் டப்பாவின் உடம்பில் ஒட்டியிருக்க வேண்டும், மூடியில் அல்ல. லேபில் ஒரே மேஜையில் நான்கு டப்பாக்களைத் திறந்தால் மூடிகள் இடம் மாறுவதற்கு ஒரு நொடி போதும். ஒரே நாளில் ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு லட்சுமிகளுக்கு ஆபரேஷன் நடப்பதொன்றும் அபூர்வமில்லை.

கூட வருகிற படிவம் டப்பாவுக்குச் சமமான முக்கியம். பல படிவங்களில் "யூட்ரஸ், ஹெச்.பி.இ." (கர்ப்பப்பை, திசுப் பரிசோதனை) என்று இரண்டே சொல் இருக்கும். கடைசி மாதவிடாய் எப்போது, மாதவிடாய் நின்றவரா, ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டாரா, முன்பு டி.என்.சி. (உள்படலத்தைச் சுரண்டி எடுப்பது) செய்ததுண்டா, அதன் ரிப்போர்ட் என்ன, பாப் ஸ்மியர் என்ன சொன்னது, ஸ்கேனில் என்ன இருந்தது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிய வேண்டும். காரணம் இருக்கிறது. உள்படலம் வளரும் நிலையில் இருப்பது முப்பத்தெட்டு வயதில் இயல்பு. மாதவிடாய் நின்று ஐந்து வருடம் ஆனவரிடம் அதையே பார்த்தால், உடம்பில் எங்கிருந்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது என்று தேட வேண்டும். ஸ்லைடு இரண்டுக்கும் ஒன்றேதான். வித்தியாசம் படிவத்தில் இருக்கிறது. படிவம் காலியாக இருந்தால் பழைய ரிப்போர்ட்டுகளின் ஜெராக்ஸை டப்பாவோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். எந்த லேபும் வேண்டாம் என்று சொல்லாது.

மேஜையில் நடப்பது

கர்ப்பப்பை முழுவதையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாது. எங்கே வெட்டி எடுப்பது என்ற முடிவுதான் பாதிப் பரிசோதனை. இதை லேபில் க்ரோஸிங் என்பார்கள்.

முதலில் எடை, நீள அகலம். சராசரிக் கர்ப்பப்பை ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் நீளம், நூறு கிராமுக்குள் எடை. கட்டிகள் நிறைந்தது ஒரு கிலோவைத் தாண்டி வருவதும் உண்டு. பிறகு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று பார்க்க வேண்டும். மேலே மூடியிருக்கும் பளபளப்பான சவ்வு பின்பக்கத்தில் இன்னும் கீழே இறங்கியிருக்கும். அதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம். இடது சினைப்பையில் ஏதாவது இருந்தால் அதை வலது என்று எழுதிவிடக் கூடாதே!

கத்தி இறங்கும்போது பாதி விடை கையிலேயே தெரிந்துவிடும். நார்க்கட்டியை வெட்டினால் வெண்மையாக, சுழல் சுழலாக, வெட்டிய முகம் பிதுங்கிக்கொண்டு மேலே எழும். கத்திக்கு ரப்பர் அறுபடுவதுபோன்ற எதிர்ப்பு கிடைக்கும். அடினோமயோசிஸ் வேறு மாதிரி. தனிக் கட்டி இருக்காது. சுவரே தடித்துப்போய், வெட்டிய இடத்தில் ஊசிமுனையளவு ரத்தப் புள்ளிகள் தெரியும். உள்படலத்தின் செல்கள் சுவருக்குள் ஊடுருவி அங்கேயும் மாதாமாதம் ரத்தம் கசிந்ததன் தடம் அது. "ஸ்கேன்ல கட்டினு சொன்னாங்க, நீங்க கட்டியே இல்லங்கறீங்க" என்று சண்டைக்கு வருகிறவர்களின் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். ஸ்கேன் பார்த்த தடிப்பு உண்மைதான்; அதன் பெயர்தான் வேறு. கட்டியின் முகம் பிதுங்காமல் குழைந்து, மீன் சதை நிறத்தில், நடுவே மஞ்சளாகச் செத்த திட்டுகளோடு இருந்தால் அறையில் பேச்சு நின்றுவிடும். அந்தக் கட்டியிலிருந்து நிறையத் துண்டுகள் எடுப்போம்.

வழக்கமாகத் துண்டு எடுக்கும் இடங்கள் இவை: கர்ப்பப்பை வாயின் முன்னுதடு, பின்னுதடு, உள்படலம் சுவரோடு சேர்த்து, கட்டிகள் ஒவ்வொன்றிலிருந்தும், இரண்டு சினைப்பை, இரண்டு கருக்குழாய். கருக்குழாயின் நுனியில் விரல் விரலாக இருக்கும் பகுதியைக் கட்டாயம் எடுக்க வேண்டும். சினைப்பைப் புற்றுநோய் என்று இத்தனை காலம் சொன்னவற்றில் கணிசமானவை அந்த நுனியில்தான் தொடங்குகின்றன என்பது கடந்த இருபது சொச்ச ஆண்டுகளில் தெரிந்துகொண்ட விஷயம். குடும்பத்தில் மார்பகப் புற்று, சினைப்பைப் புற்று இருந்தால், அல்லது பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் தெரிந்தால், அந்த நுனி முழுவதையும் மெல்லிய துண்டுகளாக்கிப் பார்ப்பார்கள். படிவத்தில் அது எழுதியிருந்தால்தான் செய்வார்கள்.

எடுத்த துண்டுகள் சின்னப் பிளாஸ்டிக் கேசட்டுகளில் போய், இரவு முழுக்க ஆல்கஹால், சைலீன், உருகிய மெழுகு என்று வரிசையாக முங்கி எழும். காலையில் ஒவ்வொன்றும் ஒரு மெழுகுக் கட்டி. இதைத்தான் பிளாக் என்கிறார்கள். மைக்ரோடோம் கருவி அதிலிருந்து ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு தடிமனில் இழை சீவும். அந்த இழையை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டுக் கண்ணாடியில் பிடிப்பதற்குப் பழகிய கை வேண்டும். டெக்னீஷியன் ஒருவர் நல்லவராக வாய்த்தால் பேத்தாலஜிஸ்டின் பேர் நிலைக்கும். இதை எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது. அப்புறம் சாயம். செல்லின் கருவை நீலமாக்குவது ஹெமடாக்ஸிலின், மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து எடுப்பது. மற்றதை இளஞ்சிவப்பாக்குவது இயோசின்.

ஃபார்மலினில் ஊற ஒரு நாள், மெழுகுக்கு ஓர் இரவு, வெட்டவும் சாயமிடவும் பார்க்கவும் ஒன்றிரண்டு நாள். ஆகவே ஐந்து முதல் ஏழு வேலை நாள் என்பது நியாயமான கெடு. மறுநாளே ரிப்போர்ட் கையில் வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். பத்து நாள் தாண்டினால் போன் செய்து கேளுங்கள். கூடுதல் சாயம் போட்டுப் பார்க்கிறோம் என்று பதில் வந்தால் அது பொறுத்திருக்க வேண்டிய தாமதம். ஆபரேஷன் நடக்கும்போதே இருபது நிமிடத்தில் சொல்லும் ஃப்ரோசன் செக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது. புற்றுநோய் சந்தேகத்தில், எவ்வளவு தூரம் வெட்டுவது என்று முடிவெடுக்க மட்டும். அது முதல் வார்த்தை. முடிவான ரிப்போர்ட் பிறகு தனியாக வரும்.

பேத்தாலஜிஸ்ட் வெட்டாமல் விட்ட மிச்சச் சதை டப்பாவிலேயே சில வாரங்கள் இருக்கும். பிறகு 2016-ன் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பையில் போய் எரிக்கப்படும். சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் அந்தச் சில வாரங்களுக்குள் கேட்டால் இன்னும் சில துண்டுகள் எடுத்துப் பார்க்க வழி இருக்கிறது. அதற்குப் பிறகு இருப்பது பிளாக் மட்டும்.

ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம்

கடைசிப் பாராவுக்கு ஓடாதீர்கள். மேலே பெயர், வயது, தேதி, அனுப்பிய டாக்டர் பெயர் சரியா பாருங்கள். அடுத்து "ஸ்பெசிமன்" என்ற வரி. டாக்டர் இரண்டு சினைப்பையையும் எடுத்ததாகச் சொல்லியிருக்க, ரிப்போர்ட்டில் ஒன்றுதான் வந்தது என்றிருந்தால், அன்றைக்கே கேளுங்கள். பெரும்பாலும் எழுத்துப் பிழையாக இருக்கும். பிழை என்று கேட்டால்தானே தெரியும்?

"க்ரானிக் செர்விசைட்டிஸ்", "நபோதியன் சிஸ்ட்", "ஸ்க்வாமஸ் மெட்டாப்ளேசியா" என்ற மூன்றும் ஏறக்குறைய எல்லாருடைய ரிப்போர்ட்டிலும் வரும். குழந்தை பெற்ற பெண்ணின் கர்ப்பப்பை வாயில் இவை இல்லாதிருந்தால்தான் ஆச்சரியம். இவை புற்றுநோயும் இல்லை, புற்றுநோயின் முன்கட்டமும் இல்லை. வருத்தமான விஷயம், "கர்ப்பப்பை வாயில புண்ணு இருக்கு, விட்டா கேன்சராயிடும்" என்று சொல்லி எடுத்த கர்ப்பப்பைகள் சிலவற்றில் இதைத் தவிர வேறெதுவும் இருக்காது. அடியிறங்கியதற்காக எடுத்தவருக்கு ரிப்போர்ட் இப்படி வருவது எதிர்பார்த்ததே. வெள்ளைப்படுதலுக்காகவோ வயிற்று வலிக்காகவோ முப்பத்திரண்டு வயதில் எடுத்தவருக்கு இது மட்டுமே வந்தால், "எதுக்காக எடுத்தீங்க டாக்டர்?" என்று கேட்க அந்தப் பெண்ணுக்கு உரிமை இருக்கிறது.

"ப்ரொலிஃபரேட்டிவ்", "செக்ரீட்டரி", "அட்ரோஃபிக்" என்பவை உள்படலம் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று சொல்பவை. முதல் இரண்டும் மாதவிடாய்ச் சுழற்சியின் இரு பாதிகள், மூன்றாவது மாதவிடாய் நின்ற பிறகு வருவது. "லியோமயோமா" என்றால் நார்க்கட்டி, கதை முடிந்தது. அதன் பக்கத்தில் "ஹயலைன் சேஞ்ச்", "கால்சிஃபிகேஷன்" என்று இருந்தால் கட்டிக்கு வயதாகிவிட்டது என்று பொருள்.

நின்று படிக்க வேண்டிய சொல் "ஹைப்பர்பிளேசியா". உள்படலம் மிகையாக வளர்ந்திருக்கிறது. அதோடு "வித்தவுட் ஏட்டிப்பியா" என்றிருந்தால், கர்ப்பப்பையே போய்விட்டதால் பெரும்பாலும் மேற்கொண்டு ஒன்றும் வேண்டாம். "ஏட்டிப்பியா" உண்டு என்றால் செல்களின் நடத்தை மாறியிருக்கிறது. டி.என்.சி. போன்ற பரிசோதனையில் இந்த வகை வந்து, பிறகு கர்ப்பப்பையை எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. அந்தப் பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 43 பேரின் கர்ப்பப்பையில் ஏற்கெனவே புற்றுநோய் இருந்தது. டி.என்.சி. ரிப்போர்ட் கையில் இருக்கிறதே, எடுத்ததை மறுபடி எதற்குப் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்த ஆய்வுதான்.

"சி.ஐ.என்." என்பது கர்ப்பப்பை வாயின் முன்புற்று நிலை, 1, 2, 3 என்று ஏறும். இது வந்தால் "மார்ஜின்" என்ற சொல்லைத் தேடுங்கள், வெட்டிய விளிம்பு சுத்தமாக இருக்கிறதா என்று. விளிம்பு சுத்தமாக இருந்தாலும் 2, 3 வந்தவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகும் பல ஆண்டுகள் பிறப்புறுப்பின் மேல்முனையில் ஸ்மியர் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். "கர்ப்பப்பைதான் இல்லையே, இனி என்ன டெஸ்ட்?" என்று விட்டுவிடுபவர்கள் இந்த வரியைப் படிக்காதவர்கள்.

கர்ப்பப்பை வாயில் எதிர்பாராமல் பரவிய புற்றுநோயே வந்துவிட்டால் நிலைமை சிக்கல். அதற்கான ஆபரேஷன் வேறு, சுற்றியிருக்கும் திசுக்களையும் சேர்த்து எடுப்பது. சாதாரண முறையில் எடுத்தாகிவிட்டதால் பெரும்பாலும் கதிர்வீச்சு சிகிச்சையோ இன்னொரு ஆபரேஷனோ தேவைப்படும். நாள் கடத்தாமல் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்தக் காரணத்துக்காகக் கர்ப்பப்பையை எடுத்தாலும் முன்னாடியே ஒரு பாப் ஸ்மியர் எடுத்துவிடுங்கள் என்று இந்த நூல் நச்சரிப்பது இதற்காகத்தான்.

உள்படலப் புற்றுநோய் என்றால் மூன்று விஷயங்கள் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும்: வகையும் கிரேடும், சுவரில் பாதிக்கு உள்ளேயா பாதியைத் தாண்டியா, ரத்தக்குழாய்க்குள் புகுந்திருக்கிறதா. இவை இல்லாமல் அடுத்த சிகிச்சையை முடிவு செய்ய முடியாது. எம்.எல்.ஹெச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.ஹெச்.2, எம்.எஸ்.ஹெச்.6 என்ற நான்கு புரதங்களையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இவற்றில் குறை இருந்தால் அது குடும்பத்தில் வரும் லிஞ்ச் சிண்ட்ரோமாக இருக்கலாம். அப்படியென்றால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும், ஆண்பிள்ளைகள் உட்பட, குடல் புற்றுநோய்க்குப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சிகிச்சையை முடிவு செய்வதற்கும் இதே நான்கு புரதங்களின் சோதனை உதவும்.

இன்னொரு கண் பார்க்க வேண்டுமென்றால்

புற்றுநோய் என்று வந்தாலோ, "சஜஸ்டிவ் ஆஃப்", "கேனாட் பி ரூல்ட் அவுட்" என்று மழுப்பலாக வந்தாலோ, இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதில் தவறில்லை. நல்ல பேத்தாலஜிஸ்ட் கோபித்துக்கொள்ளவும் மாட்டார். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் வெளியிலிருந்து வரும் ஸ்லைடுகளைப் பார்ப்பார்கள். வெறும் ரிப்போர்ட்டையோ வாட்ஸப்பில் எடுத்த படத்தையோ கொண்டுபோய்ப் பயனில்லை. ஸ்லைடுகளும் பிளாக்குகளும் வேண்டும். ஸ்லைடை மறுபடி செய்துகொள்ளலாம். பிளாக் ஒன்றே ஒன்றுதான். எண்ணிப் பார்த்து, பிளாக் எண்களை எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். அங்கே கொடுக்கும்போதும் அப்படியே. சித்திரை வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், அது மெழுகு. வேலை முடிந்ததும் பழைய லேபுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. வீட்டு பீரோவைவிட அங்கே பத்திரமாக இருக்கும். எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைலில் இருக்க வேண்டியது

டிஸ்சார்ஜ் ஆவது மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ. ரிப்போர்ட் வருவது ஏழாம் நாள். இந்த இடைவெளியில்தான் அதிகமான ரிப்போர்ட்டுகள் தொலைகின்றன. டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஹெச்.பி.இ. ரிப்போர்ட் அவெய்ட்டட்" என்று ஒரு வரி இருக்கும், அதோடு எல்லோரும் மறந்துவிடுவார்கள். ரிப்போர்ட் வரும் தேதியைக் கேட்டு, தையல் பார்க்க வரும் நாளோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கியதும் டாக்டரிடம் காட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அவர் படித்துவிட்டு "ஒண்ணும் இல்லம்மா" என்றால், அதையே ஓ.பி. சீட்டில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரிஜினலைக் கேட்கும். கொடுப்பதற்கு முன் ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம் எடுத்து வையுங்கள். மகளுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அம்மாவுக்கு என்ன இருந்தது என்று அவளிடம் எந்த டாக்டராவது ஒருநாள் கேட்பார்.

பத்து வருடம் கழித்து எலும்புத் தேய்மானத்துக்கோ வயிற்று வலிக்கோ போகும்போது டாக்டர் கேட்பது இரண்டு கேள்வி: சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா? கர்ப்பப்பை வாய் இருக்கிறதா? "எல்லாத்தையும் எடுத்துட்டாங்கனு நினைக்கறேன் டாக்டர்" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். சினைப்பை போயிருந்தால் மாதவிடாய் நின்ற உடம்பாகவே கணக்கிட்டு எலும்பையும் இதயத்தையும் பார்க்க வேண்டும். வாயை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுத்திருந்தால் பாப் ஸ்மியர் தொடர வேண்டும். இரண்டுக்கும் விடை ரிப்போர்ட்டின் "ஸ்பெசிமன்" வரியில் அச்சில் இருக்கிறது.

ரிப்போர்ட் தொலைந்துவிட்டால் ஆஸ்பத்திரியில் எழுதிக் கேளுங்கள். 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகளின்படி உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டு தாண்டியிருந்தாலும் லேபில் தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஆபரேஷன் மாதமும் அனுப்பிய டாக்டரின் பெயரும் நினைவிருந்தால், பழைய ரெஜிஸ்டரைப் புரட்டியாவது பலரும் எடுத்துத் தருகிறார்கள்.